திமிங்கலத்தின் கணுக்கால்: யாரும் நேரில் பார்க்காத பரிணாமத்துக்கு என்ன சான்று?

2018 ஜனவரியில், அப்போது மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் சொன்னது அறிவியல்படி தவறு என்று பேசினார். குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் சொன்னதும் இல்லை, எழுதியதும் இல்லை என்பது அவர் காட்டிய காரணம். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு அறிக்கை வெளியிட்டன. ஐந்து ஆண்டு கழித்து, 2023இல், பேச்சு மறுபடி கிளம்பியது. மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் மரபும் பரிணாமமும் சேர்ந்திருந்த பாடத்திலிருந்து பரிணாமம் நீக்கப்பட்டு, மரபு மட்டும் மிஞ்சியது. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1,800க்கும் மேற்பட்டோர் அதை எதிர்த்துத் திறந்த மடல் எழுதினார்கள்.

இரண்டு முறையும் பொதுவெளியில் சுற்றிச் சுற்றி வந்தது ஒரே கேள்வி: யாராவது பார்த்தார்களா? இதைக் கிண்டல் செய்து ஒதுக்க வேண்டியதில்லை. நியாயமான கேள்விதான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த, சாட்சி யாரும் இல்லாத ஒன்றை எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? பதிலை மனிதனை வைத்துத் தொடங்கினால் உணர்ச்சி குறுக்கே வரும். திமிங்கலத்தை வைத்துத் தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை. அதோடு, திமிங்கலத்தின் கதைக்கான சான்றுகளில் பெரும்பகுதி இந்தியா, பாகிஸ்தான் பாறைகளிலிருந்தே கிடைத்தது.

அடிப்படை: எதைப் பரிணாமம் என்கிறோம்?

ஓர் உயிரினக் கூட்டத்தின் மரபுப் பண்புகள் தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டு போவதுதான் பரிணாமம். மாறுவது கூட்டம், தனி விலங்கு அல்ல. ஒரு குரங்கு ஒருநாள் மனிதனாக மாறியது என்று எந்த உயிரியல் நூலும் சொல்லவில்லை. இதில் இரண்டு கூற்றுகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி விவாதம் வீணாகிறது.

1. பொது மூதாதை: இன்றைய உயிரினங்கள் பழைய உயிரினங்களிலிருந்து கிளைத்து வந்தவை. மனிதனும் சிம்பன்சியும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த இரு கிளைகள். இன்றைய சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி.

2. இயற்கைத் தேர்வு: பிறக்கும் எல்லாக் குட்டிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்தச் சூழலில் பிழைத்துப் பெருக உதவும் பண்புகள் அடுத்த தலைமுறையில் கூடுகின்றன. மாற்றத்தை நடத்தும் வழிகளில் இது முக்கியமானது. ஒரே வழி அல்ல.

இரண்டாவதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்கள். ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற அமெரிக்க உயிரியலாளர் 1988இல் ஈ.கோலை பாக்டீரியாவைப் பன்னிரண்டு குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். முப்பதாயிரம் தலைமுறைகளுக்கு மேல் கடந்தபின், ஒரே ஒரு குடுவையில், ஆக்சிஜன் உள்ள சூழலில் சிட்ரேட் என்ற வேதிப்பொருளை உணவாக்கிக்கொள்ளும் திறன் புதிதாகத் தோன்றியது. ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகுவதும் இதே செயல்தான்.

சரி, பாக்டீரியா பாக்டீரியாவாகவே இருக்கிறது, பெரிய மாற்றத்துக்கு என்ன சான்று என்று கேட்கலாம். அங்கேதான் திமிங்கலம் வருகிறது.

திமிங்கலம் ஏன் ஒரு புதிர்?

கடலில் பிறந்து கடலிலேயே சாகும் விலங்கு. ஆனால் மீனுக்குரிய ஏற்பாடு எதுவும் அதனிடம் இல்லை. நுரையீரலால் மூச்சு விடுகிறது, மூச்சுக்காக மேலே வந்தே ஆகவேண்டும். வெப்ப இரத்தம். குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டி நீந்தும். திமிங்கலம் மேலும் கீழுமாக ஆட்டுகிறது. நான்கு கால் பாய்ச்சலில் ஓடும் பாலூட்டியின் முதுகெலும்பு வளைந்து நிமிர்வதும் மேலும் கீழுமாகத்தான்.

தரைவாழ் பாலூட்டியிலிருந்து வந்தது என்று ஊகிப்பது எளிது. நிறுவுவதுதான் கடினம். 1859இல் டார்வின் தன் நூலின் முதல் பதிப்பில், நீரில் வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கரடியைச் சொல்லி, அப்படிப்பட்ட இனம் காலப்போக்கில் திமிங்கலம் போன்ற ஒன்றாக ஆவதில் தடை இல்லை என்று எழுதினார். கேலி தாங்கவில்லை. அடுத்த பதிப்பில் அந்தப் பகுதியை வெட்டிச் சுருக்கினார். கரடி என்பது உண்மையிலேயே தவறான யூகம்தான். அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக, இடைப்பட்ட வடிவம் எங்கே என்று பரிணாமத்தை மறுப்பவர்கள் கேட்டபோதெல்லாம் திமிங்கலம் அவர்களுக்குப் பிடித்த உதாரணமாக இருந்தது. காட்டுவதற்குத் தெளிவான வடிவம் எதுவும் கிடைத்திருக்கவில்லை.

யாரும் பார்க்காத ஒன்றைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அது நடந்திருந்தால் என்னென்ன மிச்சம் இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தேடுவது. திமிங்கலம் தரையிலிருந்து வந்திருந்தால்:

1. முழுக்கடல் திமிங்கலங்கள் கிடைக்கும் பாறைகளைவிடப் பழைய பாறைகளில், காலுள்ள திமிங்கலங்கள் கிடைக்கவேண்டும். வரிசை மாறக்கூடாது.

2. இன்றைய திமிங்கலத்தின் உடலிலும் கருவிலும் தரைவாழ்க்கையின் தடம் இருக்கவேண்டும்.

3. மரபணுவை ஒப்பிட்டால், ஏதோ ஒரு குறிப்பிட்ட தரைவிலங்குக் குடும்பத்தோடு திமிங்கலம் ஒட்டவேண்டும். எல்லாப் பாலூட்டிகளோடும் சம தூரத்தில் நிற்கக்கூடாது.

4. எலும்பைப் பார்ப்பவர்களும் மரபணுவைப் பார்ப்பவர்களும் தனித்தனியாக ஆராய்ந்து, கடைசியில் ஒரே உறவினரிடம் வந்து நிற்கவேண்டும்.

கடைசி நிபந்தனைதான் கடுமையானது. அதில்தான் ஒரு கட்டத்தில் பெரிய சண்டையே வந்தது.

பாறைகளில் கிடைத்த வரிசை

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், வடக்கே நகர்ந்துவந்த இந்திய நிலத்தட்டுக்கும் ஆசியாவுக்கும் இடையே டெத்திஸ் என்ற ஆழம் குறைந்த வெப்பக்கடல் ஒடுங்கிக்கொண்டிருந்தது. அதன் கரையோரப் படிவுகள்தான் இன்று பாகிஸ்தானின் மலைகளாகவும் கட்ச் பகுதியின் பாறைகளாகவும் கிடக்கின்றன. பாறையின் வயதை எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் கதிரியக்கச் சிதைவாலும், காலம் தெரிந்த கடல் நுண்ணுயிர்களின் ஓடுகளாலும் கணிக்கிறார்கள்.

1981இல் ஃபிலிப் ஜிஞ்சரிச்சும் டொனால்ட் ரஸ்ஸலும் பாகிஸ்தானில் கிடைத்த ஒரு மண்டையோட்டுக்குப் பாக்கிசீட்டஸ் என்று பெயரிட்டார்கள். வயது 5 கோடி ஆண்டுக்கு அருகில். நடுக்காதை மூடியிருக்கும் கிண்ணம் போன்ற எலும்பின் உட்புற ஓரம் அதில் தடித்துக் கிடந்தது. அப்படித் தடித்திருப்பது திமிங்கலக் குடும்பத்தின் அடையாளம். மண்டை மட்டும் கையில் இருந்ததால் பாதிக் கடல்விலங்காக அதை வரைந்தார்கள். 2001இல் உடல் எலும்புகள் வெளியானபோது அந்தப் படம் அடிபட்டுப்போனது. நீண்ட மெலிந்த கால்கள், ஓநாய் அளவு, தரையில் நடந்து ஓடிய விலங்கு. காது மட்டும் திமிங்கலம்.

அதற்கு அடுத்த அடுக்கில் ஆம்புலோசீட்டஸ். ஹான்ஸ் தேவிஸ்ஸன் குழு 1994இல் பாகிஸ்தான் பஞ்சாபின் காலா சிட்டா மலைப்பகுதியிலிருந்து வெளியிட்டது. குட்டையான வலுவான கால்கள், பெரிய பின்பாதங்கள், முதலை போலத் தண்ணீரில் பதுங்கும் உடல்வாகு. கட்ச்சிலிருந்து அசோக் சாஹ்னி, சுனில் பாஜ்பாய் போன்ற இந்தியத் தொல்லுயிரியலாளர்கள் ரெமிங்டனோசீட்டஸ், கட்ச்சிசீட்டஸ் என்று நீண்ட மூக்கும் சிறுத்த கால்களும் கொண்ட வகைகளைச் சேர்த்தார்கள். பலுசிஸ்தானின் ரோடோசீட்டஸ் சுமார் 4.7 கோடி ஆண்டு பழையது. பெரு நாட்டுக் கடற்கரையில் கிடைத்து 2019இல் வெளியான நான்குகால் திமிங்கலம் 4.26 கோடி ஆண்டு பழையது. அதற்குள் ஆசியக் கரையை விட்டு அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டன.

எகிப்தின் பாலைவனத்தில் வாடி அல் ஹிதான் என்ற இடம், அரபியில் திமிங்கலப் பள்ளத்தாக்கு. சுமார் 3.7 கோடி ஆண்டுக்கு முந்தைய பாசிலோசாரஸ் எலும்புக்கூடுகள் அங்கே மணலில் வரிசையாகக் கிடக்கின்றன. பதினைந்து மீட்டருக்கு மேல் நீளம், முழுக்கக் கடல்விலங்கு. 1989இல் ஜிஞ்சரிச் குழு அதன் பின்னங்கால்களைக் கண்டெடுத்தது. முழங்கால் மூட்டு உண்டு, கணுக்கால் உண்டு, விரல்களும் உண்டு. அவ்வளவு பெரிய உடலைத் தாங்கி நிற்க அந்தக் குட்டிக் கால்களால் முடியாது. தரையில் பயன்படாத கால் கடல்விலங்குக்கு எதற்கு என்று கேட்டால், தரையில் நடந்த மூதாதையைத் தவிர ஒழுங்கான விளக்கம் கிடைப்பதில்லை.

பற்களில் இன்னொரு சாட்சி இருக்கிறது. தண்ணீரில் உள்ள ஆக்சிஜனில் இலேசான வகை, கனமான வகை என இரண்டு உண்டு. இலேசான வகை எளிதில் ஆவியாவதால் கடல்நீரில் கனமானதன் விகிதம் நன்னீரைவிடக் கூடுதல். குடித்த நீரின் விகிதம் பல்லில் பதிந்துவிடும். பாக்கிசீட்டஸின் பல் நன்னீரைக் காட்டுகிறது. ஆம்புலோசீட்டஸின் எலும்புகள் கடலோரப் படிவுகளில் கிடந்தாலும் அதுவும் குடித்தது நன்னீர்தான். பிந்தைய வகைகளில் கடல்நீரின் அடையாளம் வந்துவிடுகிறது. கால் எலும்பைப் பார்க்காமல் பல்லை மட்டும் வேதியியல் கூடத்தில் கொடுத்தாலும் அதே திசையில்தான் கதை போகிறது.

எலும்புக்காரர்களும் டிஎன்ஏகாரர்களும்

திமிங்கலத்தின் தரைவாழ் உறவினர் யார்? 1966இல் லீ வான் வேலன், அழிந்துபோன மெசோனிக்கிட் என்ற குளம்புள்ள ஊனுண்ணிகளைக் கைகாட்டினார். முக்கோண வடிவப் பற்கள் பழைய திமிங்கலப் பற்களோடு நன்றாகப் பொருந்தின. தொல்லுயிரியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்றிருந்தார்கள், ஜிஞ்சரிச் உட்பட.

1990களில் மரபணு ஆய்வாளர்கள் வேறு பதிலோடு வந்தார்கள். அவர்களுடைய முடிவுப்படி திமிங்கலம் ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம் அடங்கிய இரட்டைக் குளம்புக் குடும்பத்துக்குள்ளேயே வருகிறது. அதிலும் நெருங்கிய உறவு நீர்யானை. எலும்புக்காரர்களுக்கு இது அபத்தமாகத் தெரிந்தது.

டிஎன்ஏகாரர்களின் வலுவான சான்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். மரபணுத் தொகுதியில் தன்னைத் தானே படியெடுத்து வேறோர் இடத்தில் செருகிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ துண்டுகள் உண்டு. எந்த இடத்தில் போய்ச் செருகும் என்பதற்குக் கிட்டத்தட்டக் கணக்கே இல்லை. செருகியபின் பரம்பரையாக அங்கேயே கிடக்கும். டோக்கியோவில் நோரிஹிரோ ஒக்காடாவின் குழு 1999இல், திமிங்கலத்திலும் நீர்யானையிலும் அதே இடங்களில் அதே துண்டுகள் செருகியிருப்பதைக் காட்டியது. பசுவிலும் பன்றியிலும் அந்த இடங்களில் அவை இல்லை.

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது. இரண்டு ஊர்ச் சுவடிகளில் அதே பாட்டில் அதே அடி விடுபட்டு, அதே இடத்தில் பொருந்தாத சொல் நுழைந்திருந்தால், இரண்டும் ஒரே மூலச்சுவடியைப் பார்த்து எழுதியவை என்று பதிப்பாசிரியர் முடிவு கட்டுவார். சரியான பாடம் இரண்டிலும் ஒத்திருப்பது அவ்வளவு பெரிய துப்பு அல்ல. பிழை ஒத்திருப்பதுதான் துப்பு.

அப்படியானால் ஒரு சோதனை வைக்கலாம். இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கென்றே ஓர் அடையாள எலும்பு இருக்கிறது. ஆட்டின் பின்னங்காலில் கணுவில் இருக்கும் எலும்பு. மேலும் கீழும் இரண்டு பக்கமும் கப்பி போல வழவழப்பாகக் குடைந்திருக்கும். நாய்க்கு இது இல்லை, குதிரைக்கு இல்லை, மெசோனிக்கிட்டுக்கும் இல்லை. டிஎன்ஏ சொல்வது சரியென்றால், காலுள்ள பழைய திமிங்கலத்தின் கணுவில் இரட்டைக் கப்பி இருந்தாக வேண்டும். அதுவரை நல்ல நிலையில் ஒரு கணுக்கால் கிடைக்கவில்லை.

2001 செப்டம்பரில் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. பலுசிஸ்தானில் கண்டெடுத்த ரோடோசீட்டஸ், ஆர்ட்டியோசீட்டஸ் என்ற காலுள்ள திமிங்கலங்களின் கணுக்கால்களை ஜிஞ்சரிச் குழு வெளியிட்டது. பாக்கிசீட்டஸ் எலும்புக்கூட்டைத் தேவிஸ்ஸன் குழு வெளியிட்டது. எல்லாவற்றிலும் இரட்டைக் கப்பி. தன் பழைய கருத்துக்கு எதிரான எலும்பைத் தானே தோண்டியெடுத்த ஜிஞ்சரிச், கருத்தை மாற்றிக்கொண்டார்.

யாராவது பார்த்தார்களா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆய்வகத்தில் இன்றைய விலங்குகளின் டிஎன்ஏவைப் படித்தவர்கள், 4.7 கோடி ஆண்டு பழைய கணுக்காலின் வடிவம் எப்படி இருக்கவேண்டும் என்பதை, அது கிடைப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட்டார்கள்.

ரங்கா ராவின் கற்கள்

இந்தக் கதையில் ஜம்மு காஷ்மீரின் காலாகோட் ஊருக்கும் இடம் உண்டு. இந்தியப் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் அங்கே எடுத்த எலும்புகளுக்கு 1971இல் இந்தோஹியஸ் என்று பெயரிட்டார். அவர் சேர்த்த பாறைகளில் பெரும்பகுதி உடைக்கப்படாமலே கிடந்தது. அவர் மறைந்தபின் அவருடைய மனைவி அவற்றைத் தேவிஸ்ஸனிடம் கொடுத்தார். ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்யும்போது உதவியாளர் கையில் காது எலும்பு தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தைப் பார்த்தால், உட்புற ஓரம் தடித்திருக்கிறது. திமிங்கலக் காது!

பூனையைவிடக் கொஞ்சம் பெரிய, மானைப் போல மெல்லிய கால்கள் கொண்ட, இரட்டைக் குளம்புள்ள தாவர உண்ணிக்கு. 2007இல் வெளியான ஆய்வு, அதன் கால் எலும்புகளின் சுவர் நீர்யானைக்கு இருப்பதுபோல் தடித்திருந்ததையும் காட்டியது. தண்ணீருக்குள் நடக்கும் விலங்குக்கு அந்தக் கனம் உதவும். வயதைப் பார்த்தால் இந்தோஹியஸ் பாக்கிசீட்டஸுக்குச் சற்றுப் பிந்தியது. எனவே அது திமிங்கலத்தின் பாட்டன் அல்ல, பாட்டனின் சாயல் மாறாத உறவினர்.

உடலிலேயே கிடக்கும் மிச்சங்கள்

திமிங்கலக் குடும்பத்தைச் சேர்ந்த டால்பினின் கருவில் முதல் சில வாரங்களில் பின்னங்கால் மொட்டுகள் முளைக்கின்றன. பிறகு வளர்ச்சி நின்று கரைந்துபோகின்றன. மூக்குத்துளை முதலில் முகத்தின் முன்பக்கம் தோன்றி, கரு வளர வளர உச்சந்தலைக்கு நகர்கிறது. எப்போதாவது இந்தக் கால் மொட்டு கரையாமல் நின்றுவிடும். 1919இல் கனடாவின் வான்கூவர் தீவருகே பிடிபட்ட ஒரு கூனல் திமிங்கலத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் நீளமான பின்னங்கால்கள் துருத்திக்கொண்டிருந்தன. 2006இல் ஜப்பானின் தைஜியில் பிடிபட்ட டால்பினுக்கு இரண்டு கூடுதல் பின்துடுப்புகள் இருந்தன.

வயிற்றுத் தசைக்குள் இடுப்பெலும்பு இன்றும் இருக்கிறது. அது பயனற்றது என்று சில புத்தகங்களில் வருவது சரியல்ல. இனப்பெருக்க உறுப்பின் தசைகள் அதில்தான் பிடித்திருக்கின்றன. எச்சம் என்றால் பழைய வேலை போய்விட்டது என்று பொருள், வேலையே இல்லை என்றல்ல.

நீலத் திமிங்கலம் போன்றவற்றுக்குப் பல் கிடையாது. வாயில் சல்லடை போன்ற தட்டுகள். ஆனால் கருவில் பல் மொட்டுகள் தோன்றி மறைகின்றன. அவற்றின் மரபணுத் தொகுதியில் பற்சிப்பி செய்யும் மரபணுக்கள் உடைந்த நிலையில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றில், பல்லில்லாத திமிங்கலங்கள் அனைத்திலும் அதே இடத்தில் அதே துண்டு செருகி அதைக் கெடுத்திருக்கிறது.

வழக்கமாக வரும் மூன்று ஆட்சேபங்கள்

1. ஒரே படைப்பாளர் ஒரே பாகத்தைப் பல விலங்குகளில் பயன்படுத்தியிருக்கலாமே? வேலை செய்யும் பாகங்களுக்கு இந்த வாதம் ஓரளவு நிற்கும். உடைந்த மரபணுவை, அதுவும் அதே இடத்து உடைப்போடு, பல விலங்குகளில் வைப்பதற்கு நிற்காது.

2. இன்னும் இடைவெளிகள் இருக்கின்றனவே? இருக்கின்றன. நீர்யானையின் வம்சத்தைப் பின்னோக்கிப் பார்த்தால், திமிங்கலத்தோடு சேரும் புள்ளிவரை இடையில் வெகுகாலம் பாறைகள் தெளிவாகப் பேசுவதில்லை. எந்தப் புதைபடிவ வகை எதற்கு நேர் மூதாதை என்பதில் வாதம் ஓயவில்லை. இவையெல்லாம் குடும்ப மரத்தில் யார் எந்தக் கிளை என்ற சண்டை. மரம் உண்டா இல்லையா என்ற சண்டை அல்ல.

3. எது கிடைத்தாலும் பரிணாமம் என்றுதானே சொல்வார்கள்? இல்லை. பரிணாமத்தை எது பொய்யாக்கும் என்று கேட்டதற்கு, விலங்குகளே தோன்றாத காலத்துப் பாறையில் ஒரு முயல் கிடைத்தால் போதும் என்று உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் சொன்னதாகச் சொல்வார்கள். (இந்த ஹால்டேன் 1957இல் பிரிட்டனை விட்டு இந்தியா வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் இறந்தவர்.) டைனோசர் காலப் பாறையில் ஒரு நீலத் திமிங்கலம் கிடைத்தாலும் மேலே சொன்ன கதை முழுதும் சரிந்துவிடும். இதுவரை கிடைக்கவில்லை.

மனிதனுக்கும் இதே வகைச் சான்றுகள்தான். சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23. பொது மூதாதை உண்மையென்றால் இரண்டு ஒட்டி ஒன்றாகியிருக்கவேண்டும். நம் இரண்டாவது குரோமோசோமின் நடுப்பகுதியில், நுனியில் மட்டுமே இருக்கவேண்டிய டிஎன்ஏ வரிசைகள் எதிரெதிராக முட்டிக்கொண்டு கிடப்பதை 1991இல் கண்டார்கள். வைட்டமின் சி செய்யும் மரபணுவும் நமக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் சேர்ந்தே உடைந்திருக்கிறது. அதனால்தான் நெல்லிக்காய் நமக்கு வேண்டியிருக்கிறது, ஆட்டுக்கு வேண்டியதில்லை.

பாடம் எடுக்கப்பட்டதன் விளைவு

என்சிஇஆர்டி நூலில் பரிணாமம் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருந்தது என்பது அப்போது சொல்லப்பட்ட சமாதானம். உயிரியல் எடுப்பவர்களுக்கு அது சரி. பத்தாம் வகுப்போடு வணிகவியலுக்கோ கணினிக்கோ போகிறவர்களுக்கு அந்தப் பாடம் வரப்போவதே இல்லை. தமிழக மாநிலப் பாடத்திட்டத்தில் 2019இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உயிரின் தோற்றத்துக்கும் பரிணாமத்துக்கும் தனிப் பாடம் இருந்தது. ஆக, ஒரே தெருவில் இரண்டு பள்ளிகளுக்குப் போகும் பிள்ளைகளில் ஒருவர் இதைப் படித்தார், இன்னொருவர் படிக்கவில்லை.

இது பழைய எலும்புகளைப் பற்றிய அறிவு மட்டுமாக இருந்தால்கூடப் பெரிய நட்டமில்லை என்று வாதிடலாம். உலகில் காசநோய் மிகுந்த நாடு இந்தியா. மருந்தைப் பாதியில் நிறுத்தினால் ஏன் அடுத்தமுறை அதே மருந்து கேட்பதில்லை என்பதற்கு இயற்கைத் தேர்வைத் தவிர வேறு விளக்கம் கிடையாது. எளிதில் சாகும் கிருமிகள் செத்து, தாக்குப்பிடிப்பவை மிஞ்சிப் பெருகுகின்றன. மாத்திரையை முழுக் கெடுவுக்கும் சாப்பிடுங்கள் என்று மருத்துவர் சொல்வதன் காரணம் இதுதான். அதைப் புரிந்துகொள்ள வேண்டியவர்கள் உயிரியல் பிரிவு எடுத்தவர்கள் மட்டுமல்ல.